"ஒபிஸ் மெஷின் வருகுதில்லை": ரிமோட் டெஸ்க்டொப் பிழைகளை அறிகுறி பார்த்துத் தீர்க்கும் வழி

ஞாயிறு இரவு ஒன்பது மணிக்குப் பிறகு எனக்கு வரும் அழைப்புகள் பெரும்பாலும் ஒரே வசனத்தில்தான் தொடங்கும். "தம்பி, ஒபிஸ் மெஷின் வருகுதில்லை."

இதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. அதனால் நானும் ஒரே பதிலைத்தான் சொல்வேன். "அக்கா, முன்னால ஒரு பெட்டி வந்திருக்கும். ஓகே அடிக்காதேங்கோ. அதில இருக்கிறதை அப்படியே வாசியுங்கோ." பாதிப் பேர் அதற்குள் ஓகே அடித்திருப்பார்கள்.

கோட்டைப் பக்கம் இருக்கும் ஒரு சின்னக் கணக்காய்வு ஒபிஸின் கொம்பியூட்டர்களைப் பார்த்துக்கொள்வது என் வேலை. ஆட்கள் வெள்ளவத்தை, தெஹிவளை, கொட்டாஞ்சேனை, வத்தளை என்று சிதறி இருக்கிறார்கள். 2022இல் பெற்றோல் வரிசையும், மார்ச் 31க்கு அறிவித்த 13 மணித்தியால மின்வெட்டும் வந்த காலத்தில், அவசரத்துக்கு ஏற்படுத்திக்கொண்டதுதான் இந்த வீட்டிலிருந்து ஒபிஸ் மெஷினைத் திறக்கும் பழக்கம். வரிசைகள் போய்விட்டன, பழக்கம் நிலைத்துவிட்டது. அன்றிலிருந்து நான் பார்த்த பிழைகளை, அவை திரையில் எப்படித் தெரியுமோ அந்த வரிசையில் எழுதியிருக்கிறேன். விண்டோஸ் 10, 11 இரண்டிலும் உள்ள சொந்த ரிமோட் டெஸ்க்டொப்பைப் பற்றியது இது. ஸ்டார்ட் மெனுவில் ரிமோட் டெஸ்க்டொப் கனெக்‌ஷன் என்று தேடினால் வருமே, அந்தப் பழைய செயலி. எம்எஸ்டிஎஸ்சி (mstsc) என்று ஐந்து எழுத்தை ஆங்கிலத்தில் அடித்தாலும் அதுதான் வரும். மைக்ரோசொப்ட் ஸ்டோரில் ரிமோட் டெஸ்க்டொப் என்ற பெயரிலேயே இன்னொரு செயலி இருந்தது. அதற்கான ஆதரவு 2025 மே 27 உடன் முடிந்துவிட்டது. அதைப் பிடித்துக்கொண்டு மல்லுக்கட்ட வேண்டாம். மக் வைத்திருப்பவர்களுக்கு இப்போது இருப்பது விண்டோஸ் ஆப்.

பெட்டியில் வரும் செய்திகளை மூன்றாகப் பிரிக்கலாம். ஒபிஸ் மெஷினை எட்டவே முடியவில்லை என்பது ஒன்று. எட்டிவிட்டது, ஆனால் உங்களை நம்பவில்லை என்பது இரண்டாவது. உள்ளே விட்டுவிட்டது, ஆனால் ஒழுங்காக வேலை செய்ய முடியவில்லை என்பது மூன்றாவது. எது என்று தெரியாமல் செட்டிங்ஸில் கை வைத்தால் ஒரு பிழை இரண்டாகும். பாஸ்வேர்டை மாற்றி, பயர்வோலை நிப்பாட்டி, ரவுட்டரையும் ரீசெட் பண்ணிவிட்டு அழைத்த ஒருவரின் உண்மையான பிரச்சினை, ஒபிஸில் பிளக் கழன்று கிடந்தது.

"மூன்று காரணம் சொல்லிவிட்டு நிற்கிறது"

ரிமோட் அக்சஸ் இயக்கப்படவில்லை, அல்லது மெஷின் நிறுத்தப்பட்டிருக்கிறது, அல்லது நெட்வேர்க்கில் இல்லை என்று ஒன்று, இரண்டு, மூன்று இலக்கம் போட்டு வரும் பெட்டி இது. சில சமயம் 204 என்று முடியும் பிழை எண்ணும் சேர்ந்து வரும். இந்த மூன்றில் கொழும்பில் நான் அதிகம் கண்டது இரண்டாவதுதான்: மெஷின் ஓடவில்லை.

ஏன் ஓடவில்லை என்பதற்குத்தான் எத்தனை கதைகள். பின்னேரம் ஆறு மணிக்கு ஒபிஸைப் பூட்டுபவர், மின்கட்டணத்தை நினைத்துச் சுவர் சுவிச்சுகளை எல்லாம் தட்டிவிட்டுப் போவார். ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பின்னேரத்து இடிமழை தொடங்கினால் ரவுட்டரின் வயரைக் கழற்றி வைத்துவிடுவார்கள். அது பிழையும் அல்ல. ரவுட்டர் எரிந்து போவதைக் கண்டவர்கள் அப்படித்தான் செய்வார்கள். இன்னும் சிலர், வெள்ளிக்கிழமை வீட்டிலிருந்து வேலையை முடித்துவிட்டு, தங்கள் லப்டொப்பை நிறுத்துவதாக நினைத்து ஒபிஸ் மெஷினை ஷட் டவுன் செய்துவிடுவார்கள். அடுத்த திங்கள் போயா என்றால் செவ்வாய் வரைக்கும் ஒன்றும் செய்ய இயலாது. வேலை முடிந்ததும் மேலே நீலப் பட்டையில் உள்ள பெருக்கல் குறியை அழுத்தி வெளியேறுங்கள். அது இணைப்பை மட்டும் துண்டிக்கும், மெஷின் ஓடிக்கொண்டிருக்கும்.

அடுத்தது கரண்ட். 2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை, பாணந்துறை உப மின்நிலையத்தில் ஒரு குரங்கு மின்மாற்றியில் பட்டு நாடு முழுதும் இருண்டது நினைவிருக்கும். கரண்ட் திரும்ப வந்தபோது வீட்டு மெஷின்களை எல்லோரும் கையால் ஓன் பண்ணினார்கள். ஒபிஸ் மெஷினை யார் ஓன் பண்ணுவது? யூபிஎஸ் பத்து, பதினைந்து நிமிடம் தாங்கும், பிறகு அதுவும் கையை விரிக்கும். இதற்கு ஒரு நிரந்தர மருந்து இருக்கிறது, ஒருமுறை நேரில் போய்ச் செய்ய வேண்டும். மெஷின் தொடங்கும்போது பயொஸ் திரைக்குள் போய், பவர் பகுதியில் "ஏசி பவர் லொஸ்" என்றோ "ஆஃப்டர் பவர் லொஸ்" என்றோ இருப்பதைத் தேடுங்கள். மதர்போர்டுக்கு மதர்போர்டு பெயர் மாறும். அதைப் பவர் ஓன் என்று வையுங்கள். அதன் பிறகு கரண்ட் வந்தவுடன் மெஷின் தானாக எழும்பும்.

வேக் ஒன் லேன் பற்றியும் கேட்பார்கள். நெட்வேர்க் வழியாக ஒரு சின்னத் தகவலை அனுப்பி, தூங்கும் மெஷினை எழுப்பும் முறை அது. நல்ல விடயம்தான், ஆனால் எங்கள் ஊருக்கு அது இரண்டாம் இடம். அந்தத் தகவலை அனுப்ப ஒபிஸுக்குள் ஏற்கனவே ஒரு சாதனம் விழித்திருக்க வேண்டும், மெஷின் கேபிளில் இருக்க வேண்டும், மின்வெட்டுக்குப் பிறகு சில நெட்வேர்க் கார்டுகள் ஒருமுறை பூட் ஆகும்வரை அதைக் கேட்காது. போதாக்குறைக்கு, அப்படி எழுப்பிய மெஷினில் யாரும் சைன் இன் பண்ணாவிட்டால் இரண்டு நிமிடத்தில் விண்டோஸ் மீண்டும் தூங்கிப் போகும். "எழும்பிச்சுது, பிறகு செத்துப்போச்சு" என்று யாராவது சொன்னால் காரணம் அதுதான். நான் செய்வது இதைவிட எளிது. பவர் செட்டிங்ஸில் ஸ்லீப்பை நெவர் என்று வைத்துவிட்டு, மொனிட்டரை மட்டும் ஐந்து நிமிடத்தில் அணைய விடுகிறேன்.

மெஷின் ஓடுகிறது என்று ஒபிஸில் இருப்பவர் உறுதியாகச் சொல்கிறாரா? அப்படியானால் முகவரியை, அதாவது நெட்வேர்க்கில் அந்த மெஷினுக்குள்ள ஐபி எண்ணைப் பாருங்கள். நேற்று 192.168.1.15 ஆக இருந்தது, ரவுட்டர் ஒருமுறை நின்று வந்ததும் 192.168.1.22 ஆகியிருக்கலாம். ரவுட்டரில் மெஷின்களுக்கு எண் கொடுக்கும் டிஎச்சிபி பகுதியில் அந்த மெஷினுக்கு ஒரே எண்ணை ஒதுக்கிவிட்டால் இந்தத் தலையிடி தீரும்.

புது ரவுட்டர் மாட்டிய மறுநாள் பிழை தொடங்கியது என்றால், விண்டோஸ் அதைப் புது நெட்வேர்க்காக எடுத்துப் பப்ளிக் என்று குறித்திருக்கும். அதைப் பிரைவேட் ஆக்குங்கள். விலை கொடுத்து வாங்கிய அன்டிவைரஸ் இருந்தால் அதற்குள் தனியாக ஒரு பயர்வோல் இருக்கும், அதையும் பாருங்கள்.

பிங் (மெஷின் இருக்கிறதா என்று கேட்டுப் பார்க்கும் கட்டளை) பண்ணிப் பதில் வரவில்லை என்று முடிவு கட்டாதீர்கள். பல விண்டோஸ் மெஷின்கள் பிங்குக்குப் பதில் சொல்லாமலேயே நன்றாக ஓடும். பவர்ஷெல்லைத் திறந்து, டெஸ்ட்-நெட்கனெக்‌ஷன் கட்டளையோடு மெஷினின் முகவரியையும் ரிமோட் டெஸ்க்டொப் உள்ளே வரும் வாசலான போர்ட் 3389 என்பதையும் கொடுங்கள். கடைசி வரியில் ட்ரூ என்று வந்தால் வழி திறந்திருக்கிறது, இனிப் பிரச்சினை வேறெங்கோ. போல்ஸ் என்றால் இன்னும் இந்தப் பகுதியை விட்டுப் போக வேண்டாம்.

"ரிமோட் டெஸ்க்டொப்பை ஓன் பண்ணும் இடத்தையே காணவில்லை"

செட்டிங்ஸ், சிஸ்டம், ரிமோட் டெஸ்க்டொப் என்று போனால் ஹோம் பதிப்பில் இது இல்லை என்று வரும். யூனிட்டி பிளாசாவில் ஏறி இறங்கி வாங்கிய லப்டொப்பில் ஹோம் பதிப்பு இருப்பது சாதாரணம். ஹோம் பதிப்பிலிருந்து இன்னொரு மெஷினுக்குப் போகலாம், இன்னொருவர் அதற்குள் வர முடியாது. ஆகவே ஒபிஸ் மெஷின் புரோ என்றால் வீட்டில் ஹோம் இருந்தாலும் போதும். ஒபிஸ் மெஷினே ஹோம் என்றால் புரோவுக்கு மாற்ற வேண்டும், அல்லது குரோம் ரிமோட் டெஸ்க்டொப், ரஸ்ட்டெஸ்க் போன்ற ஒன்றைப் பாவிக்க வேண்டும். எனிடெஸ்க்கும் டீம்வியூவரும் சொந்தப் பாவனைக்கு மட்டுமே இலவசம். ஒபிஸ் வேலைக்குப் பாவிப்பதாக அவை சந்தேகித்தால் இணைப்பைப் பாதியில் வெட்டும். இது பிழை அல்ல, அவர்களுடைய விதி. இணையத்தில் கிடைக்கும், ஹோமைப் புரோ போல நடிக்க வைக்கும் துண்டு நிரல்களை ஒபிஸ் மெஷினில் போடவே வேண்டாம்.

"ஒபிஸுக்குள் வேலை செய்யுது, வீட்டிலிருந்து மட்டும் இல்லை"

இதைத்தான் அதிகம் பேர் பிழையாகத் தீர்க்கிறார்கள், ஆகவே கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

ஒபிஸில் பக்கத்து மேசையிலிருந்து திறக்கிறது என்றால் மெஷினில் ஒரு குறையும் இல்லை. வெளியிலிருந்து ஒபிஸ் நெட்வேர்க்குக்குள் நுழையும் வழிதான் இல்லை. உடனே யாராவது தெரிந்தவர், "ரவுட்டரில 3389ஐ போர்வேர்ட் பண்ணிவிடு" என்பார். வெளியிலிருந்து அந்தப் போர்ட்டுக்கு வருவதை ரவுட்டர் நேரே ஒபிஸ் மெஷினுக்கு அனுப்பும்படி வைப்பது அது. செய்யாதீர்கள். ஏன் என்பதைப் பூட்டுப்பட்ட எக்கவுண்ட் பற்றிய பகுதியில் சொல்கிறேன்.

பல இடங்களில் அது வேலையும் செய்யாது. சிம் போட்ட 4ஜி ரவுட்டரில் ஒபிஸ் ஓடுகிறதா? ரவுட்டரின் நிர்வாகப் பக்கத்தில் வான் (WAN) முகவரி, அதாவது வெளி இணையப் பக்கத்து முகவரி என்ன என்று பாருங்கள். பிறகு, என் ஐபி என்ன என்று காட்டும் ஏதாவது தளத்தில் வரும் எண்ணைப் பாருங்கள். இரண்டும் வேறு வேறாக இருந்து, ரவுட்டரில் உள்ளது 10 என்றோ, 100.64 முதல் 100.127 வரைக்குள்ளோ தொடங்கினால், நீங்கள் பல வாடிக்கையாளர்களோடு ஒரே பொது முகவரியைப் பகிர்ந்துகொண்டிருக்கிறீர்கள். மாடிக் குடியிருப்பில் எல்லோருக்கும் கீழே ஒரே கேட் இருப்பது போல. வெளியே இருந்து வருபவருக்கு உங்கள் கதவு எண் தெரியாது. ரவுட்டரில் எத்தனை போர்வேர்ட் எழுதினாலும் பயன் இல்லை.

இந்த இரண்டு தொல்லைக்கும் ஒரே விடை விபிஎன்: இணையத்துக்கு மேலால் வீட்டையும் ஒபிஸையும் இணைக்கும் ஒரு தனிப் பூட்டிய வழி. ஒபிஸில் நல்ல ரவுட்டரும் நிலையான ஐபியும் இருந்தால் ரவுட்டரிலேயே வயர்கார்டோ ஓப்பன்விபிஎன்னோ வைக்கலாம். எங்களுக்கு அது இல்லாததால் டெயில்ஸ்கேல் பாவிக்கிறோம். ஒபிஸ் மெஷினில் ஒன்று, வீட்டு லப்டொப்பில் ஒன்று போட்டு, ஒரே கணக்கில் சேர்த்தால், இரண்டும் உள்ளிருந்து வெளியே போய் ஒன்றையொன்று கண்டுபிடித்துக்கொள்ளும். ரவுட்டரில் எதையும் திறக்கத் தேவையில்லை, 4ஜி என்றாலும் வேலை செய்யும். அது கொடுக்கும் முகவரியும் 100 என்றுதான் தொடங்கும். அதைக் கண்டு குழம்ப வேண்டாம், ரிமோட் டெஸ்க்டொப்பில் அந்த முகவரியையே அடியுங்கள்.

போடுவதற்கு முன் ஒபிஸ் பொறுப்பாளரிடம் ஒரு மின்னஞ்சலில் அனுமதி வாங்குங்கள். எங்கள் மெஷின்களில் வாடிக்கையாளர்களின் சம்பளப் பட்டியலும் அடையாள அட்டை எண்களும் இருக்கின்றன. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தபின், "எனக்கு வசதியாக இருந்தது" என்பது யாரும் ஏற்கும் பதில் அல்ல.

விபிஎன் பச்சையாக இருக்கிறது, இணைந்துவிட்டது என்கிறது, இருந்தும் மெஷின் வரவில்லை. இது எனக்கு ஒருமுறை முழு இரவையும் தின்றது. கொட்டாஞ்சேனையில் ஒருவருக்கு வரும், வெள்ளவத்தையில் ஒருவருக்கு வராது. கடைசியில் பார்த்தால் வெள்ளவத்தை வீட்டு ரவுட்டரும் 192.168.1, ஒபிஸ் ரவுட்டரும் 192.168.1. அவருடைய லப்டொப் 192.168.1.15ஐத் தேடும்போது, அது வீட்டுக்குள்ளேயே இருக்கும் என்று நினைத்து விபிஎன் பக்கம் திரும்பியும் பார்க்கவில்லை. வீட்டில் அந்த எண்ணில் இருந்தது ஒரு ஸ்மார்ட் டிவி. காலி வீதிக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் இதே எண்ணோடு எத்தனை ரவுட்டர் இருக்குமோ. இரண்டில் ஒன்றை மாற்றியே ஆக வேண்டும். வீடு வீடாகப் போவதைவிட ஒபிஸை மாற்றுவது நல்லது. நான் 192.168.77 என்று வைத்தேன். மாற்றும் நாளில் பிரின்டருக்கும் கைரேகை மெஷினுக்கும் கொடுத்த நிலையான எண்களை மறந்துவிடாதீர்கள். நான் மறந்தேன். அடுத்த நாள் காலை ஒருவருக்கும் வரவு பதியவில்லை. டெயில்ஸ்கேலின் 100 முகவரியை நேரே அடிப்பவர்களுக்கு இந்த மோதல் வராது.

"பாஸ்வேர்ட் சரி, ஆனால் பிழை என்கிறது"

இந்தச் செய்தி வந்தால் ஒரு வகையில் சந்தோஷப்படலாம். மெஷின் ஓடுகிறது, நெட்வேர்க் சரி, பயர்வோல் சரி. இனி ரவுட்டரைத் தொட வேண்டாம்.

"நான் தினமும் அடிக்கிற நாலு இலக்கம்தானே தம்பி, எப்படிப் பிழைக்கும்?" என்று ஒரு அக்கா கேட்டார். அந்த நாலு இலக்கம் பாஸ்வேர்ட் அல்ல, பின் நம்பர் (PIN). பின் நம்பர் அந்த மெஷினின் முன்னால் இருந்து அடிக்க மட்டும்தான். வெளியே இருந்து வர மைக்ரோசொப்ட் கணக்கின் முழுப் பாஸ்வேர்ட் வேண்டும். மெஷின் வாங்கிய நாளில் அடித்தது, பிறகு ஒருவருக்கும் ஞாபகம் இல்லாத அதே பாஸ்வேர்ட்.

அதைச் சரியாக அடித்தும் மறுக்கிறதா? அந்த மெஷினில் பின்னையும் கைரேகையையும் மட்டுமே பாவித்திருந்தால், அது உங்கள் பாஸ்வேர்டை ஒருநாளும் கண்டிருக்காது. செட்டிங்ஸில் சைன் இன் ஒப்ஷன்ஸ் போய், மைக்ரோசொப்ட் கணக்குகளுக்கு விண்டோஸ் ஹலோ மட்டும் என்று இருப்பதை ஓஃப் பண்ணி, சைன் அவுட் ஆகி, ஒரே ஒருமுறை பாஸ்வேர்ட் அடித்து உள்ளே வாருங்கள். பிறகு வெளியிலிருந்தும் எடுக்கும்.

பயனர் பெயரும் காலை வாரும். வெறும் பெயரை அடித்தால் விண்டோஸ் அதை எந்தக் கணக்கு என்று எடுக்கும் என்று சொல்ல இயலாது. மைக்ரோசொப்ட் கணக்கென்றால் மைக்ரோசொப்ட்அக்கவுண்ட் என்று ஆங்கிலத்தில் ஒரே சொல்லாக எழுதி, பின்சாய்கோடு போட்டு, மின்னஞ்சலை அடியுங்கள். உள்ளூர்க் கணக்கென்றால் ஒபிஸ் மெஷினின் பெயர், பின்சாய்கோடு, பயனர் பெயர். பாஸ்வேர்டே வைக்காத கணக்கை விண்டோஸ் வெளியிலிருந்து உள்ளே விடாது. கணக்குக் கட்டுப்பாடு என்று ஏதோ சொல்லும். விட வைக்கும் வழியைத் தேடாமல் ஒரு பாஸ்வேர்டை வையுங்கள். நிர்வாகி அல்லாதவர்களை ரிமோட் டெஸ்க்டொப் யூசர்ஸ் குழுவில் சேர்க்கவும் வேண்டும்.

போன மாதம் பாஸ்வேர்ட் மாற்றியவர் என்றால் வீட்டு லப்டொப்பின் கிரெடென்ஷியல் மனேஜரில் பழையது ஒளிந்திருக்கும். டேர்ம்எஸ்ஆர்வி என்று தொடங்கும் பதிவை அழித்துவிட்டு மீண்டும் முயலுங்கள்.

"ஒருக்கா தான் அடிச்சன், எக்கவுண்ட் பூட்டுப்பட்டிட்டுது"

நில்லுங்கள். இது பிழை அல்ல, சில வேளை எச்சரிக்கை. புதிய விண்டோஸ் 11இல் பத்துமுறை பிழையாக அடித்தால் கணக்குப் பத்து நிமிடம் பூட்டப்படும். நீங்கள் ஒருமுறைதான் அடித்தீர்கள் என்றால் மற்ற ஒன்பதையும் யார் அடித்தது?

ஒபிஸ் மெஷினில் ஈவன்ட் வியூவரைத் திறந்து, செக்யூரிட்டி பகுதியில் 4625 என்ற எண்ணைத் தேடுங்கள். தோல்வியடைந்த ஒவ்வொரு முயற்சியும் அங்கே பதிவாகும். அட்மின், டெஸ்ட், ரிசப்ஷன் என்று ஒபிஸில் இல்லாத பெயர்களும், கேள்விப்படாத முகவரிகளும் நிமிடத்துக்கு நிமிடம் வரிசையாக நின்றால், யாரோ ரவுட்டரில் 3389ஐ வெளியே திறந்து வைத்திருக்கிறார்கள். போர்ட்டை 3390க்கு மாற்றினாலும் ஒளிக்க முடியாது, தேடுவது மனிதர் அல்ல, நிரல்கள். 2019 மேயில் புளூகீப் என்ற ஓட்டை வெளியானபோது, விண்டோஸ் 7 போன்ற பழைய மெஷின்களில் பாஸ்வேர்ட் தெரியாமலேயே உள்ளே நுழைய வழி இருந்தது. விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 ஒக்டோபர் 14 அன்று முடிந்தது. இனி அதில் காணப்படும் ஓட்டைகளுக்கு, நீடித்த ஆதரவு எடுக்காதவர்களுக்கு மருந்து வராது.

உடனே ரவுட்டரில் அந்தப் போர்வேர்டை அழியுங்கள். பாஸ்வேர்ட்களை மாற்றுங்கள். 4624 என்ற எண்ணில், வெற்றிகரமாக நுழைந்தவர்கள் பட்டியலில், உங்களுக்குத் தெரியாத வெளி முகவரி ஒன்றாவது இருந்தால் அந்த மெஷினின் நெட்வேர்க் வயரைக் கழற்றிவிட்டுப் பொறுப்பாளரை அழையுங்கள். அதற்குமேல் இந்த வழிமுறையின் வேலை அல்ல.

"திகதி வித்தியாசம் என்கிறது"

பழைய மெஷின், நீண்ட மின்வெட்டு, மதர்போர்டில் உள்ள சிஆர் 2032 பட்டரி செத்துவிட்டது, கடிகாரம் பல வருடம் பின்னால் போய்விட்டது. பட்டரியை மாற்றி, நேரத்தைச் சரிசெய்யுங்கள். நேரம் சரியாகத் தெரிந்தும் இதே செய்தி வந்தால் நேர வலயத்தைப் பாருங்கள். ஸ்ரீ ஜயவர்தனபுர, கூட்டல் 5.30 என்று இருக்க வேண்டும். வெளிநாட்டிலிருந்து வந்த லப்டொப்பில் வலயத்தை விட்டுவிட்டு முள்ளை மட்டும் திருப்பி வைத்தவர்களை நான் கண்டிருக்கிறேன். கண்ணுக்குச் சரி, கணக்குக்கு இரண்டரை மணித்தியாலம் பிழை.

கிரெட்எஸ்எஸ்பி என்று நீளமாக ஏதோ வந்தால் இரண்டில் ஒரு மெஷின் 2018 மேக்குப் பிறகு அப்டேட் காணவில்லை என்று அர்த்தம். பாதுகாப்பைத் தளர்த்தும் வழி இணையமெங்கும் கிடைக்கும். அப்டேட் பண்ணுங்கள், அவ்வளவுதான்.

மெஷினின் அடையாளத்தை உறுதிசெய்ய முடியவில்லை என்ற மஞ்சள் எச்சரிக்கை வேறு. விண்டோஸ் தானே தயாரிக்கும் சான்றிதழுக்கு ஆயுள் ஆறு மாதம், புதிதானதும் மீண்டும் கேட்கும். விபிஎன்னுக்குள், உங்கள் சொந்த மெஷின் என்றால் ஆம் சொல்லலாம்.

"உள்ளே போகுது, திரை கறுப்பாக நிற்குது"

முதலில் கொன்ட்ரோல், ஆல்ட், எண்ட் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். ரிமோட் மெஷினுக்குக் கொன்ட்ரோல் ஆல்ட் டிலீட் இதுதான். மெனு வந்தால் டாஸ்க் மனேஜர் போய் எக்ஸ்புளோரரை மீண்டும் தொடக்குங்கள். வராவிட்டால் துண்டித்து, டிஸ்பிளே பகுதியில் திரை அளவைச் சிறிதாக்கி, எக்ஸ்பீரியன்ஸ் பகுதியில் பிட்மெப் கேஷிங்கின் சரியை எடுத்துவிட்டு மறுபடி வாருங்கள்.

விபிஎன் வழியாக வரும்போது மட்டும் கறுப்பு என்றால் என் சந்தேகம் எம்டியூ மீதுதான், அதாவது ஒரு பொதிக்கு விடும் ஆகக்கூடிய அளவு மீது. பாஸ்வேர்ட் போன்ற சின்னப் பொதிகள் கடந்துவிடும், திரைப் படத்தைச் சுமக்கும் பெரியவை வழியில் எங்கோ சத்தமில்லாமல் விழுந்துவிடும். விபிஎன் அடாப்டரின் எம்டியூவை 1300க்குக் குறைத்துப் பாருங்கள். குணமானால் நோய் அதுதான்.

"ஐந்து நிமிடத்துக்கு ஒருக்கா விழுகுது, எலி இழுபடுகுது"

எப்போது விழுகிறது என்பதைக் கடிகாரம் வைத்துப் பாருங்கள். ஒவ்வொரு முறையும் 65ஆவது விநாடியில் என்றால், அது விண்டோஸ் 11இன் 24எச்2 பதிப்பிலிருந்து பழைய சேர்வருக்குப் போகும்போது வந்த ஒரு தெரிந்த பிழை. 2025 மார்ச் இறுதியில் வந்த அப்டேட் அதைத் திருத்தியது. நேரம் ஒழுங்கில்லாமல் விழுந்தால், ரிமோட் டெஸ்க்டொப் தகவல் அனுப்பப் பாவிக்கும் வழிகளில் ஒன்றான யூடிபியை நிப்பாட்டிப் பாருங்கள். குரூப் பொலிசியில், ரிமோட் டெஸ்க்டொப் கனெக்‌ஷன் கிளையன்ட் என்பதற்குக் கீழ், டேர்ன் ஓஃப் யூடிபி ஒன் கிளையன்ட் என்பதை இயக்க வேண்டும். ஹோம் பதிப்பில் அந்தக் கருவி இல்லை.

மெதுவாக இருந்தால் வீட்டு இணையத்தைத் திட்டுவதற்கு முன் ஒபிஸின் அப்லோட் வேகத்தை அளந்து பாருங்கள். நீங்கள் பார்க்கும் திரை ஒபிஸிலிருந்து வெளியே அனுப்பப்படுவது. ஒபிஸில் இன்னும் செப்புக் கம்பி ஏடிஎஸ்எல் என்றால், டவுன்லோட் எவ்வளவு இருந்தாலும் அப்லோட் ஒடுங்கிய சந்து. நாலு பேர் ஒரே நேரத்தில் அந்தச் சந்தால் வர முயன்றால் எலி இழுபடாமல் என்ன செய்யும்? எக்ஸ்பீரியன்ஸ் பகுதியில் வோல்பேப்பரையும் அசைவுகளையும் நிறுத்துங்கள், டிஸ்பிளே பகுதியில் நிறத்தை 16 பிட்டுக்கு இறக்குங்கள். கணக்குப் பார்க்க அது போதும்.

"நான் போனால் ஒபிஸில் இருப்பவர் வெளியே விழுகிறார்"

அப்படித்தான் நடக்கும். சாதாரண விண்டோஸில் ஒரு நேரத்தில் ஒருவர்தான். இன்னொருவர் உள்ளே இருக்கிறார், தொடர்ந்தால் அவர் துண்டிக்கப்படுவார் என்று உங்களுக்கு ஒரு எச்சரிக்கை வந்திருக்கும், நீங்கள் வாசிக்காமல் யெஸ் அடித்திருப்பீர்கள். ஒரே மெஷினை இருவர் பகிர்ந்தால் வாட்ஸ்அப்பில் சொல்லிவிட்டு நுழையுங்கள்.

"தமிழ் எழுத்து வருகுதில்லை"

இரண்டு வேறு பிரச்சினைகள் இந்த ஒரு வசனத்துக்குள் இருக்கின்றன.

ஒபிஸ் மெஷினில் தமிழாகத் தெரிந்த கடிதத்தை வீட்டுக்குக் கொப்பி பண்ணித் திறந்தால் ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளுமாக நிற்கிறது என்றால், அது பாமினியில் அடித்த பழைய கடிதம். அந்த எழுத்துரு வீட்டில் இல்லை. ரிமோட் திரைக்குள்ளேயே திறந்து வேலை செய்தால் ஒபிஸ் மெஷினின் எழுத்துருதான் பாவிக்கப்படும், எதுவும் குலையாது.

யுனிகோடில் அடிக்கும்போது மொழி மாறவில்லை என்றால், விண்டோஸ் பொத்தானும் ஸ்பேஸும் எந்த மெஷினுக்குப் போகின்றன என்று பாருங்கள். ரிமோட் திரை சின்னப் பெட்டியாக இருக்கும்போது அவை வீட்டு மெஷினின் கீபோடைத்தான் மாற்றும். முழுத்திரை ஆக்குங்கள், அல்லது லோக்கல் ரிசோர்சஸ் பகுதியில் கீபோட் என்பதை ஒன் தி ரிமோட் கொம்பியூட்டர் என்று வையுங்கள். எகலப்பை போன்ற சொப்ட்வெயாரை இரண்டு பக்கமும் ஓடவிட்டால் குழம்பும். ஒபிஸ் பக்கம் மட்டும் ஓடட்டும். ரெங்கநாதன் கீபோட் பழகியவர்கள் அந்த லேஅவுட்டை இரண்டு மெஷினிலும் போட்டு வைத்திருங்கள், ஏனென்றால் இணையும்போது வீட்டில் எது தெரிவாகியிருக்கிறதோ அதையே ரிமோட் மெஷினும் எடுத்துக்கொள்ளும்.

கொப்பி, பேஸ்ட் திடீரென்று நின்றால் ரிமோட் மெஷினின் டாஸ்க் மனேஜரில் ஆர்டிபி கிளிப் (rdpclip) என்பதை முடித்துவிட்டு, ரன் பெட்டியில் அதே பெயரை ஆங்கிலத்தில் அடித்து மீண்டும் தொடக்குங்கள். ஞாயிறு இரவு இதற்காக மட்டும் என்னை அழைக்க வேண்டாம், அக்கா.